‘இருங்கம்மா, கம்மியாவும்’

ஒரு விமான டிக்கெட்டை எந்த நாளில் வாங்குவது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். எந்தச் சொட்டில் கரைசலின் நிறம் மாறும் என்று கண்கொட்டாமல் பார்க்கப் பழகியவள். ஆனால் சென்னையிலிருந்து சிகாகோவுக்கு ஒரு பிசினஸ் கிளாஸ் இருக்கையின் விலை எப்போது இறங்கும், எப்போது ஏறும், எந்த இடத்தில் ‘இது போதும்’ என்று வாங்கிவிட வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அதெல்லாம் தனக்குத் தெரியும் என்று நம்பிய ஒருவரிடம் ஒரு மாதம் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன். அவரை நினைத்தால் இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் கடையை ஒட்டி அவருடைய டிராவல்ஸ் இருந்தது. பலகையில் அவர் பெயர் எழுதியிருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பாய்தான். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, காதில் செருகிய பேனா. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். தூசி படியாமல் பூப்போட்ட துணியால் மூடியிருக்கும். அந்தத் துணியை அவர் விலக்கி நான் பார்த்ததில்லை. அவருடைய நம்பிக்கை முழுக்கத் தொலைபேசியின் மேல்தான். சென்னையில் ஒரு பெரிய ஏஜென்ட் இருந்தார். விலை கேட்பதும் அவரிடம்தான், டிக்கெட் அச்சடித்து வருவதும் அங்கிருந்துதான். பாய் ரிசீவரைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஜோசியம் கேட்பவர் மாதிரி ‘ம்... ம்...’ என்பார். வைத்துவிட்டு நம்மைப் பார்த்து, மிகுந்த பிரியத்தோடு சொல்வார்: “இருங்கம்மா, கம்மியாவும்.”

நான் ஏன் பிசினஸ் கிளாஸ் கேட்டுப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பவிசுக்காக என்று நினைத்துவிடுவீர்கள். அன்றைக்கும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். பிறக்கும்போதே இடுப்பு மூட்டு ஒரு பக்கம் விலகி இருந்தது. சென்னையில் மயக்க மருந்து கொடுத்து மூட்டைச் சரியாக உட்கார்த்தி, மார்புக்குக் கீழிருந்து இரண்டு கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கால்கள் இரண்டும் தவளைக்கு விரிந்திருப்பதுபோல விரிந்து அப்படியே நிற்கும். உட்கார வைக்க முடியாது. மடியில் வைத்தால் கால் பக்கத்து இருக்கைக்காரரை இடிக்கும். விமானத்தில் கொடுக்கும் தொட்டிலில் அந்தக் கட்டு கொள்ளாது. கூடவே, அவளுடைய அப்பா சிகாகோவில். அவர் மகளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். “போறதா இருந்தா இந்தக் கட்டோட போயிடுங்க. அடுத்த கட்டு அங்க மாத்திக்கலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. குழந்தை வளருது, கட்டு வளராது.” என் கணவர் அங்கே ஒரு டாக்டரைப் பிடித்து நாளும் வாங்கிவிட்டார். அதற்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் மறுபடி சென்னையில் மயக்க மருந்து, மறுபடி கட்டு, மறுபடி இன்னும் சில மாதங்கள். “சீட்டு படுக்கையா சாயணும். எவ்ளோ ஆனாலும் சரி, எடு” என்றார் கணவர் போனில். எவ்வளவு ஆகும் என்று கேட்டதும் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவது அவரைத்தான், வாயைப் பொத்திக்கொண்டார். “அந்தக் காசுல இங்க நம்ம வேங்கிக்கால்லயே அர கிரவுண்டு மனை வாங்கிப் போடலாமேடி!” அவர் சொன்னது தவறில்லை. அதனால்தான் எனக்கும் குற்ற உணர்ச்சி. நல்ல விலைக்குக் கிடைத்தால் நல்லது என்று தேடிப் போனது அதனால்தான்.

முதல் நாள் பாய் என்னை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். “எங்கம்மா போவணும்?”

“சிகாகோ. நானும் கொழந்தையும். பிசினஸ் கிளாஸ்.”

காதிலிருந்த பேனாவை எடுத்தார். “கம்பெனில குடுக்கறாங்களா?”

“இல்ல பாய். எங்க காசுதான்.”

“அப்ப அவசரமே படக் கூடாது.” குரலைத் தாழ்த்தினார். “பின்னாடி சீட்டு வேற, முன்னாடி சீட்டு வேற. முன்னாடி சீட்டு காலியாப் பறந்தா எந்தக் கம்பெனிக்காரனுக்கும் வயிறு எரியும். எறக்கியே தீருவான். அது வரைக்கும் நாம மூஞ்சியே காட்டக் கூடாது.”

அறிவாளி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அத்தையிடமும் அப்படியே சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் வரும். காய்ச்சல்காரருக்கு எப்படி இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்வார். “இன்னைக்கு அசையலம்மா.” “பாரீஸ் வழி கொஞ்சம் எறங்குச்சு, திரும்ப ஏறிடுச்சு.” “லண்டன் வழி ரொம்ப ஜாஸ்தி, அத மறந்துடுங்க.” ஒரு பைசா வாங்காமல் எங்களுக்காக அவர் சென்னைக்குச் செய்த எஸ்.டி.டி. போன்கள் எத்தனையோ. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கொஞ்ச நாளில் அத்தையே அந்தப் போனுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். “இன்னா பாய், பாரீஸ் எப்பிடிக் கீது?” என்று விசாரிப்பார்.

திரைக்குப் பின்னால் இருந்த அவர் மனைவிக்கு இதிலெல்லாம் மயக்கமே இல்லை. பாயம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் காதுபடவே என்னிடம் சொல்வார். “இவர நம்பினு உக்காந்தியாம்மா? எங்க நிக்காவையே தள்ளிப் போட்டாரு. மண்டபத்துக்காரன் வாடகைய எறக்குவான்னு.”

“எறக்குனான்ல?” என்பார் பாய்.

“எறக்குனான். அதுக்குள்ள பிரியாணி அரிசி ஏறிப் போச்சு.”

இன்னொரு நாள் அந்த அம்மாள் சொன்னது: துபாயில் இருக்கும் தன் தம்பி, வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம். பாயும் விலை பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். “தம்பிக்குக் கல்யாணம் ஆச்சு, புள்ள பொறந்துச்சு, அந்தப் புள்ள ஸ்கூலுக்கும் போவுது. இவருக்கு இன்னும் வெல படியல.” ஊருக்கே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்த அந்த மனிதர் மீனம்பாக்கத்துக்கு வழியனுப்பப் போயிருக்கிறாரே தவிர, ஒரு முறைகூட விமானம் ஏறியதில்லை. நான் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தேன். அவர் வெட்கப்படவில்லை. “இந்த ரம்ஜானுக்கு அப்புறம் கண்டிப்பா எறங்கும்மா” என்றார்.

அவரால் நன்மை அடைந்தவர்களும் இருந்தார்கள். ஆசிரமத்துக்கு வந்த ஒரு இத்தாலிக்கார அம்மாள், விலை இறங்கட்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டு ஊருக்குப் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, அடுத்தடுத்த பௌர்ணமிகளுக்குக் கிரிவலம் சுற்றி, அடி அண்ணாமலையில் ஒரு வீட்டையும் வாடகைக்குப் பிடித்துவிட்டார். பாயைப் பார்த்தால் கைகூப்புவார். மலைதான் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவர் நினைத்தார். என்னை யாரும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. எனக்குப் போக வேண்டும்.

ஒரு வழியாக ஒரு விலை வந்தது. ஜெர்மனி வழி. படுக்கையாகச் சாயும் இருக்கை. நாங்கள் மனதில் வைத்திருந்ததைவிடக் கம்மி. அங்கே டாக்டர் கொடுத்த நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரே சங்கடம், புறப்படும் நாள் செவ்வாய்க்கிழமை, அஷ்டமி வேறு.

“கட்டுப் போட்ட புள்ளய அஷ்டமில அனுப்பறதா? நடக்காது” என்றார் அத்தை.

பாய் இதற்கெல்லாம் அசருபவர் இல்லை. “பெரியம்மா, அஷ்டமில உங்காளுங்க யாரும் ஏற மாட்டாங்க. அதனாலதான் வெல எறங்குது. நீங்க பரஸ்தானம் வச்சிடுங்க.”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புறப்படும் நாள் நன்றாக இல்லாவிட்டால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணத்துக்கான சாமான் கொஞ்சத்தை ஒரு பையில் கட்டி வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு எந்த நாளில் புறப்பட்டாலும் தோஷமில்லை, போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பாயின் கடையில் இதற்கென்றே அலமாரியில் ஒரு தட்டு இருந்தது. ஏற்கெனவே யார் யாருடையதோ பைகள் அங்கே இருந்தன. “நம்ம கடைல வச்சா பயணம் நிச்சயம் பெரியம்மா” என்றார். அத்தைக்கும் அது பிடித்துப்போயிற்று. அமெரிக்கா மேற்கே, செங்கம் ரோடும் ஊருக்கு மேற்கே. நாங்கள் விமானம் ஏற வேண்டிய சென்னை வடகிழக்கே இருக்கிறது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில், குழந்தையின் சட்டை ஒன்று, என் புடவை ஒன்று, ஒரு மஞ்சள் கிழங்கு, கோயில் விபூதி எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, அத்தை தன் கையாலேயே அந்தத் தட்டில் வைத்தார். இருக்கையை மறுநாள் சாயங்காலம் வரை நமக்காக வைத்திருப்பார்கள், அதற்குள் டிக்கெட் அச்சடிக்கச் சொல்லிவிட வேண்டும். “எடுத்துடுங்க பாய்” என்று இரண்டு தடவை சொன்னேன். “ஆவட்டும்மா” என்றார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. குரலில் ஒரு உற்சாகம். “அம்மா, அத விட்டுட்டேன்.”

“எத?”

“அந்த ஜெர்மனிய. இன்னொரு கம்பெனிக்காரன் அடுத்த வாரம் ஒண்ணு அறிவிக்கப் போறானாம். ஒரு டிக்கெட் எடுத்தா கூட வர்றவங்களுக்குப் பாதி. கொழந்தைக்குத் தனி சீட்டே எடுத்துடலாம். நல்லாக் காலை நீட்டிப் படுக்கும்.”

அவர் நல்லது செய்துவிட்டதாகவே நம்பினார். “உங்கள யாரு பாய் கேட்டாங்க? நான் எடுக்கச் சொன்னேனா இல்லையா?” என்று கத்தினேன். பெரியவர்களிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் அதே பிரியத்தோடு, “இருங்கம்மா, கம்மியாவும்.”

கணவரிடம் சொன்னபோது அவர் என் மேல் எரிந்து விழுந்தார். “வேற ஆளப் பாக்க வேண்டியதுதான? மெட்ராஸ்ல ஆளா இல்ல?” நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன். அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை விழுந்தது.

“பையி அங்க கீதே” என்றார் அத்தை.

“எடுத்துனு வந்துடலாம் அத்த.”

“வச்ச பையத் திருப்பி வூட்டுக்கு எடுத்துனு வரக் கூடாது. கெளம்புன பயணம் நின்னுபோனதா ஆயிடும். பையி எங்க கீதோ அங்க இருந்துதான் போவணும்.”

“பை அங்கயே இருக்கட்டும். டிக்கெட் மட்டும் வேற எடத்துல எடுத்தா?”

“அந்த மனுசன் கடைல பையவும் வச்சிட்டு, டிக்கெட்ட இன்னொருத்தன்கிட்ட எடுத்துனு, அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சினு போயி பையக் கேக்கறது?”

படித்தவள்தானே, இதையெல்லாம் தள்ளிவிட்டு நீ பாட்டுக்குப் போயிருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். குழந்தை மாவுக்கட்டோடு கிடக்கும்போது, ஒரு சாஸ்திரத்தை மீறிவிட்டுப் பிறகு ஏதாவது ஆகிவிட்டால் அதைத் தாங்குகிற தைரியம் எனக்கு இல்லை. அத்தைக்குப் பணிந்து நான் இருந்தது பாதி, பயந்து இருந்தது மீதி. ஆக, பை பாயிடம், நாங்கள் பையிடம், விலை யாரிடமும் இல்லை.

அடுத்த வாரம் எந்த அறிவிப்பும் வரவில்லை. அதற்கடுத்து பௌர்ணமி. ஊருக்குள் ஆட்டோ வராது, செங்கம் ரோடு முழுக்க ஜனம். வேங்கிக்காலிலிருந்து கடைக்குப் போகவும் முடியவில்லை, போன் செய்தால் எந்நேரமும் லைன் பிஸி. இதற்கிடையில் குழந்தைக்கு ஈரத் துணியால் உடம்பு துடைக்கும்போது கட்டின் விளிம்பு தொடை இடுக்கில் சிவப்பாக அழுத்துவதைப் பார்த்தேன். முன்பு என் இரண்டு விரல் உள்ளே போகும். இப்போது ஒன்று மட்டும்தான் போயிற்று. வளருகிறாளே என்று பெற்றவள் வயிறு எரிவது எங்காவது உண்டா? எனக்கு எரிந்தது.

கூட்டம் கலைந்த மறுநாள் காலை அத்தையும் நானும் குழந்தையை ஒரு தலையணையில் கிடத்தி ஆட்டோவில் கொண்டுபோனோம். அவளைக் கடைக்கு எடுத்துப் போனது அதுதான் முதல் தடவை. உட்கார வைக்க முடியாதே, அதனால் பாயின் மேசை மேலேயே கிடத்தினேன். கம்ப்யூட்டரின் பூப்போட்ட துணியை அவள் எட்டிப் பிடித்து இழுத்தாள்.

“இன்னைக்கு என்ன விலையோ அதுக்கு எடுங்க பாய். நான் போறேன்.”

பாய் போன் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். முகம் சுருங்கியது. அவர் விட்டுவிட்ட விலையைவிட இது நிறைய ஜாஸ்தி. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “ரெண்டே நாள் பாக்கலாம்மா. இவ்ளோ குடுத்து...” என்றார்.

“பாய்,” என்றார் அத்தை, “புள்ளயப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் பார்த்தார். போனில் எத்தனையோ தடவை நான் சொன்னதுதான். ஆனால் விரிந்து விறைத்து நின்ற அந்தக் கால்களை அப்போதுதான் நேராகப் பார்த்தார். கட்டின் மேல் ஒரு விரலால் மெல்லத் தட்டினார். “சரி” என்றார். ரிசீவரை வாய்க்குக் கொண்டுபோனார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஒரு முறை செருமினார். மறுபடி முயன்றார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்கு வாய் வரல.”

வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு சென்னைக்காரர். “சார், டிக்கெட்ட அடிச்சிடுங்க” என்றேன்.

“யாரும்மா, கஸ்டமரா?” என்று சிரித்தார். “அதான பாத்தேன். அந்தக் கடைலருந்து ‘அடிச்சிடு’ன்னு எப்பவும் கஸ்டமர்தாம்மா சொல்றது. பாய் சொல்லி நான் கேட்டதே இல்ல. அடிச்சிட்டா அப்புறம் மாத்த முடியாது, சரிங்களா?”

“சரி” என்றேன். சொல்லும்போதே சரிதானா என்று ஒரு சந்தேகம். ரிசீவரை வைத்தபோது பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இழவு வீட்டில் நிற்பவர்போல இருந்தது முகம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் போன் மணி அடித்தது. எடுத்தால் பாய். “அம்மா! நான் சொன்னேன்ல? எறங்கிடுச்சு! அதே ஃப்ளைட்டு, அதே சீட்டு, எவ்ளோ கம்மி தெரியுமா?” சொந்த மகன் பாஸான செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார். கொஞ்சம் கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்தது. நாங்கள் வாங்கிவிட்டோம். “சரி வுடுங்கம்மா” என்றார், குரல் இறங்கி. “கொழந்தை படுத்துனு போவட்டும்.”

மறுநாள் வாடகைக் கார் மேற்கே செங்கம் ரோட்டுக்குப் போய், பையை எடுத்துக்கொண்டு, மறுபடி திரும்பிச் சென்னைக்கு வந்தது. கடையில் பாய் இல்லை. பாயம்மாதான் பையைக் கொடுத்து, குழந்தையின் நெற்றியைத் தடவினார். கார் நகரப் போகும்போது திரைக்குப் பின்னாலிருந்து பாய் வேகமாக வந்து சன்னலோரம் குனிந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “திரும்பி வர்ற டிக்கெட்ட மட்டும் இப்பவே எடுத்துடாதீங்கம்மா” என்றார்.

குழந்தை வழியெல்லாம் கால் பரப்பித் தூங்கினாள். நான் தூங்கவில்லை. டாக்டர் சொன்ன நாளுக்குள் போய்ச் சேர்ந்தோம், கட்டு மாற்றினார்கள். அவளுடைய அப்பா விமான நிலையத்தில் அவளை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் தலையணையோடு வாங்கிக்கொண்டார். பாயை நம்பியிருந்தால் பணம் மிச்சம். நம்பியிருந்து அந்த விலை இறங்காமல் போயிருந்தால்? இறங்கியதால் அவர் சொன்னது சரியாகிவிடுமா? அவருக்குத் தெரிந்து சொன்னாரா, ஆசைப்பட்டுச் சொன்னாரா? இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவரைக் கேட்கலாம் என்றால், கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டதாக அத்தை விசாரித்துச் சொன்னார்.

இப்போது மகள் இங்கே சிகாகோவில் பள்ளிக்குப் போகிறாள். ஓடும்போது மட்டும் லேசாகச் சாய்வாள். எலும்பு வளர்ந்ததில் மூட்டின் கிண்ணம் ஆழம் போதவில்லை, இன்னொரு அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். முதலில் செய்த சென்னை டாக்டரிடமே செய்துகொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். பள்ளி விடுமுறையில் போக வேண்டும். போகும்போது சாதாரண இருக்கை போதும். திரும்பும்போது மறுபடி இடுப்பிலிருந்து கால் வரை கட்டு இருக்கும், இந்தத் தடவை பெரிய குழந்தை. படுக்கை இருக்கை இல்லாமல் முடியாது. மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் விலை பார்க்கிறேன். இன்றைய விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. விடுமுறை நெருங்க நெருங்க ஏறும் என்கிறார் ஒருவர். கடைசி வாரத்தில் இறங்கும் என்கிறார் இன்னொருவர். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க டாக்டர் என் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

இடுப்பில் கட்டுப் போட்ட குழந்தையைத் தூரப் பயணத்தில் கூட்டி வந்த தாய்மார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். எந்த வழியாக வந்தீர்கள்? படுக்கை இருக்கைக்கு எப்போது வாங்கினீர்கள்? அதைவிடக் குறைந்த செலவில் குழந்தையைக் கிடத்திக் கொண்டுவர வேறு வழி உண்டா? திரும்பும் டிக்கெட்டை நான் இன்றைக்கே எடுத்துவிடட்டுமா, இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமா?